தொழில்முறைக் கலைஞர்கள் போட்டியைக் கெடுத்துவிட்டார்களா?

"காஸ்ப்ளே 1980களில் ஜப்பானில் பிறந்த பொழுதுபோக்கு. காசு வாங்கித் தைப்பவர்கள் போட்டிக்குள் நுழைந்து அதைக் கெடுத்துவிட்டார்கள்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியல்ல.

1980களில் ஜப்பானில் பிறந்தது காஸ்ப்ளே என்ற சொல்தான். புனைவுக் கதைகளில் வருபவர்களைப்போல் உடை தைத்து அணியும் அந்த வழக்கம் அதைவிட மூத்தது. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைவு மாநாட்டுக்கே மிர்ட்டில் டக்ளஸ், ஃபாரஸ்ட் அக்கர்மன் என்ற இரு ரசிகர்கள் எதிர்கால உடை அணிந்து வந்தார்கள். இரண்டையும் உருவாக்கியவர் மிர்ட்டில். ஆனால் பல காலம் பெயர் வாங்கியவர் அக்கர்மன்! ஊசி பிடித்த கையை மறப்பது அன்றே தொடங்கிவிட்டது என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

போட்டிக்கு வருவோம். உலக அறிவியல் புனைவு மாநாடு, உடைக் கலைஞர்களுக்கான காஸ்ட்யூம்-கான் மாநாடு போன்றவற்றின் மேடைப் போட்டிகளில் பங்கேற்பாளர்களைத் திறமைப்படி புதியவர், இடைநிலையினர், தேர்ந்தவர் என்று பிரிப்பது நெடுநாள் வழக்கம். உடைத் தொழிலில் இருப்பவர் மேல்நிலையில்தான் நிற்க வேண்டும். முதன்முறை தைப்பவரோடு அவரை மோதவிடுவதில்லை. புதியவர் விரும்பினால் மேல்நிலையில் போட்டியிடலாம், தேர்ந்தவர் கீழே இறங்க முடியாது. மேடைத் தோற்றத்துக்கு ஒரு நடுவர் குழு இருக்கும். மேடைக்குப் பின்னால் தையல், உள்துணி, ஓர மடிப்பு ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்க வேறு நடுவர்கள் இருப்பார்கள்.

எல்லா மாநாடுகளிலும் இந்தப் பிரிவுகள் இருப்பதில்லை, உண்மைதான். இல்லாத இடத்தில் அமைப்பாளர்களிடம் கேளுங்கள். தையல்காரரைக் குற்றம் சொல்லாதீர்கள்.