ஏசியைக் கைப்பேசியோடு இணைக்க ஆன இரண்டு மாலைகள்

சென்ற மாதம் வாங்கிய ஏசியைப் பொருத்த வந்த இளைஞர், ஒன்றரை மணி நேரத்தில் சுவரைத் துளைத்து, செப்புக் குழாயை இழுத்து, குளிர்ந்த காற்றையும் வரவழைத்துவிட்டார். "வைஃபை மட்டும் ஆப்ல நீங்களே போட்டுக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த வேலைக்கு எனக்கு இரண்டு மாலைகள் ஆயின.

பழுது என்று எதுவுமே இல்லை என்பதுதான் வேடிக்கை. வீட்டுச் சாதனங்களில் வைக்கப்படும் மலிவான வைஃபை சில்லுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். இன்றைய ரூட்டர்கள் பலவும் 2.4, 5 ஆகிய இரண்டையும் ஒரே பெயரில் பரப்ப, கைப்பேசி வேகத்தை நாடி 5-இல் போய் அமர்ந்துகொள்கிறது. செயலியோ அதே இணைப்பை ஏசிக்கும் கொடுக்கப் பார்த்துத் தோற்றுப்போகிறது. சுவர்களைத் தாண்டுவதில் 2.4-தான் மேல் என்பதால் அந்தத் தேர்வை நான் குறை சொல்லவில்லை. அதைப் பெட்டியின் மேல் ஒரு வரியில் அச்சிடாததைத்தான் குறை சொல்கிறேன்.

ரூட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த பிறகும் வேலை முடியவில்லை. இணைப்பின்போது ஏசி தானே ஒரு தற்காலிக வைஃபையை உருவாக்க, கைப்பேசி அதில் சேர்ந்து கடவுச்சொல்லைத் தர வேண்டும். அந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் கைப்பேசி மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிட, செயலியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டேட்டாவை அணைத்ததும் ஒரே நிமிடத்தில் இணைந்தது. இடையில் செயலி இருப்பிட அனுமதி கேட்டபோது, "காத்து வீசுற பெட்டிக்கு நாம எங்க இருக்கோம்னு எதுக்குத் தெரியணும்?" என்றார் மனைவி. அருகிலுள்ள வைஃபை பெயர்களைக் கொண்டே ஒருவர் இருக்குமிடத்தை ஊகிக்கலாம் என்பதால் ஆண்ட்ராய்டு நெடுங்காலம் அந்த அனுமதியைக் கட்டாயமாக்கி வைத்திருந்தது. காரணம் சரியானதே, ஆனாலும் அவர் கேள்வியும் சரியானதே.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. கட்டிலில் படுத்தபடி நான் ஒரு டிகிரி கூட்டினால், அந்தக் கட்டளை பல தயாரிப்புகளில் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த்தான் பத்தடி தூரத்திலிருக்கும் ஏசிக்குத் திரும்புகிறது. சர்வர் மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 2016 மே மாதத்தில் நெஸ்ட் நிறுவனம் சேவையை நிறுத்தியதும் பயனற்றுப்போன ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியே சாட்சி. 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்னும் பொதுத் தரம், சாதனங்கள் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே பேசிக்கொள்ள வழிசெய்கிறது. ஆனால் ஏற்கெனவே சுவரில் மாட்டியிருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அது எட்டாக்கனி.

பத்தாண்டுகள் உழைக்க வேண்டிய ஏசிக்கு மின்செலவைக் காட்டும் நட்சத்திர முத்திரை நம் நாட்டில் கட்டாயம். செயலி எத்தனை ஆண்டுகளுக்கு இயங்கும், இணையம் இல்லாதபோது எவையெல்லாம் வேலை செய்யும் என்பதையும் அதன் அருகிலேயே அச்சிடச் சொல்லலாம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எதுவரை கிடைக்கும் என்று தயாரிப்பாளர்கள் அறிவித்தாக வேண்டும். அடுத்து எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினை மாற்ற வேண்டியிருக்கிறது. ஆப் இல்லாமல் எல்லாப் பொத்தான்களும் வேலை செய்யுமா என்றுதான் கடையில் முதலில் கேட்கப்போகிறேன்.