இரண்டாவது போன் ஆடம்பரம் என்பவர்களுக்கு

கையில் இரண்டு போன்களோடு ஒருவர் நடந்தால், பகட்டுக்காகத்தான் வைத்திருக்கிறார் என்று எண்ணும் வழக்கம் எங்கள் திருகோணமலையில் இன்னும் இருக்கிறது. நான் மூன்று ஆண்டுகளாக ஓர் ஐபோனும் ஓர் அன்ட்ரொய்ட் போனும் வைத்திருக்கிறேன். சிம்களும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. ஏன் என்று கேட்கும் உறவினர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

மார்கழி மழை விடாமல் பெய்த ஓர் இரவு, உப்புவெளியில் எங்கள் வீட்டில் பின்னேரத்திலிருந்தே மின்சாரம் இல்லை. அம்மாவுக்குத் திடீரெனச் சீனி இறங்கி, உடல் வியர்த்து, பேச்சுக் குழறியது. அப்போது என்னிடம் இருந்தது இரண்டு சிம் போடும் ஒரேயொரு போன். அதுவும் பற்றரி தீர்ந்து அணைந்திருந்தது. இரண்டு எண்கள் இருந்தும் அம்புலன்சுக்கு 1990 என்று அழுத்துவதற்கு ஒரு கருவி இல்லை. மதிலருகே நின்று பக்கத்து வீட்டு அண்ணையைக் கூப்பிட்டு, அவருடைய போனிலிருந்துதான் சுவசெரிய அம்புலன்சை வரவழைத்தோம். அம்மா தேறிவிட்டார். ஆனால் இரண்டு சிம் என்பது இரண்டு போன் ஆகாது என்பதை அன்று முதல் நான் எல்லோரிடமும் வற்புறுத்தி வருகிறேன்.

சிம் தெரிவு செய்யும்போது எண்ணின் முதல் மூன்று இலக்கங்களை மட்டும் பார்ப்பது போதாது. எடிசலாட்டின் 072, 2018இல் ஹட்சுடன் இணைந்தது. எயார்டெல்லின் 075, 2024இல் டயலொக்கின் கைக்கு வந்தது. ஆகவே டயலொக்கின் 077உம் 075உம் வைத்திருப்பவரும், ஹட்சின் 078உம் 072உம் வைத்திருப்பவரும் உண்மையில் ஒரே நிறுவனத்தையே நம்பியிருக்கிறார்கள். அதோடு வெவ்வேறு நிறுவனங்களின் அன்டெனாக்கள் ஒரே கோபுரத்தில் இருப்பதும் உண்டு; அங்கே மின்சாரம் போய் மாற்று ஏற்பாடும் தீர்ந்தால் இரண்டும் சேர்ந்தே நின்றுவிடும். உங்கள் வீட்டு அறைக்குள்ளும், அடிக்கடி போகும் கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ, கொழும்பு ரயில் கந்தளாய் தாண்டிக் காட்டுக்குள் நுழையும் இடத்திலும் எந்த சிம் எடுக்கிறது என்று நீங்களே பார்த்து முடிவு செய்வதுதான் நல்லது.

இரண்டு இயங்குதளங்களை வைத்திருப்பதில் சிரமம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வட்ஸ்அப் உரையாடல்களை ஐபோன் ஐகிளவுடிலும் அன்ட்ரொய்ட் கூகுள் டிரைவிலும் சேமிப்பதால், ஒன்றின் சேமிப்பை மற்றதில் அப்படியே திறக்க முடியாது. 2023 முதல் ஒரே வட்ஸ்அப் கணக்கை இரண்டாவது போனிலும் இணைக்கலாம். ஆனால் முதன்மைப் போனை 14 நாட்கள் பயன்படுத்தாமல் விட்டால் இணைத்த போனில் கணக்கு வெளியேறிவிடும். பழுதான போனைக் கடையில் கொடுத்துவிட்டு மற்றதை நம்பியிருப்பவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். தொடர்பு எண்களை நான் கூகுள் கணக்கில்தான் வைத்திருக்கிறேன், ஏனெனில் அதை ஐபோனிலும் சேர்க்கலாம். ஐகிளவுடில் மட்டும் இருப்பவை அன்ட்ரொய்டுக்குத் தாமாக வருவதில்லை. சார்ஜர் தொல்லை ஓரளவு தீர்ந்துவிட்டது: 2023இல் வந்த ஐபோன் 15 முதல் இரண்டுக்கும் யூஎஸ்பி சி வயர் ஒன்றே போதும்.

வங்கி ஓடிபி வரும் சிம்மை, கடற்கரைக்கும் சந்தைக்கும் போகும் போனில் வைக்காதீர்கள். என்னுடையது வீட்டில் இருக்கும் அன்ட்ரொய்ட்டில் இருக்கிறது. புதிய போன் வாங்கப் பணம் இல்லாதவர்கள், அலுமாரியில் கிடக்கும் பழைய போனுக்கே வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைப் போட்டு, அவ்வப்போது ரீலோட் செய்து எண் துண்டிக்கப்படாமல் வைத்திருந்தாலே போதும்.

மழைக்காலம் தொடங்கிவிட்டால், எங்கள் வீட்டில் இரவு படுக்கும் முன் இரண்டாவது போனை முழுதாக சார்ஜ் செய்து, அம்மாவின் கட்டில் அருகிலுள்ள சிறு மேசையில் வைத்துவிடுவேன். முதல் பொத்தானில் 1990, இரண்டாவதில் பக்கத்து வீட்டு அண்ணை. கண்ணாடி போடாமலே அம்மாவுக்கு இரண்டையும் அழுத்தத் தெரியும்.