அறுபதைத் தாண்டினால் லைசென்ஸ் ரத்தா?

"60 வயது முடிந்தால் ஓட்டுநர் உரிமம் தானாக ரத்தாகிவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. சொந்த வாகனம் ஓட்ட இந்தியச் சட்டத்தில் மேல் வயது வரம்பே கிடையாது. 50 வயதுக்கு மேல், 55க்குள் எடுக்கும் உரிமம் 60 வயதுவரை செல்லும். குழப்பம் இங்கிருந்து வந்திருக்கலாம். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை, மருத்துவச் சான்றான படிவம் 1ஏ கொடுத்துப் புதுப்பிக்கலாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 14ஆம் பிரிவைப் பாருங்கள்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி என் பெரியப்பா ஸ்கூட்டர் சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். எதிர்விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று இரவில் ஓட்டுவதைத் தானே நிறுத்தியவர் அவர். "நாற்பது வருட அனுபவம்" என்று கண்ணாடி போடாமல் கிளம்புகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.