அந்த ஒரு ‘ஏ’வை முழுங்கிவிட்டு கட்டளை எழுதிக் கொடுக்காதீர்கள்!

“லினக்ஸில் டாக்கரை (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) சூடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் வழி) இல்லாமல் ஓட்டணுமா? யூசர்மாட் -ஜி டாக்கர் (usermod -G docker, கடைசியில் பயனர்பெயர்) என்று அடியுங்கள்” என்று இன்னமும் எழுதிக் கொடுக்கிறார்களே, பார்த்தாலே வயிறு எரிகிறது. ஜி-க்கு முன்னால் இருக்க வேண்டிய ஏ எங்கே ஐயா? யூசர்மாட் என்பது பயனரின் குழுக்களை, அதாவது அவருடைய உரிமைகளை மாற்றும் கட்டளை; அதில் -ஏஜி (-aG) என்றால், இருக்கிற குழுக்களோடு இன்னொன்றையும் சேர் என்று அர்த்தம். வெறும் -ஜி என்றால் முதன்மைக் குழுவையும் இதையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றிலிருந்தும் ஆளைத் தூக்கு என்று அர்த்தம். நிர்வாகி உரிமை தரும் சூடோ குழுவும் அதோடு போச்சு! “நிச்சயமா?” என்று ஒரு கேள்வி கிடையாது. சத்தமில்லாமல் அடுத்த வரிக்கு வந்துவிடும்.

தப்பு உடனே தெரிந்தாலாவது பரவாயில்லை. ஏற்கெனவே லாகின் ஆன அமர்வு பழைய குழுக்களோடுதான் ஓடும், அதில் சூடோ வேலை செய்யும். (இதைப் படிக்கும்போது அந்த டெர்மினல் இன்னும் திறந்திருந்தால் மூடாதீர்கள், அங்கேயே சரிசெய்யுங்கள்.) மறுநாள் மெஷினைப் போட்டால் பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்ளும், சூடோ என்று அடித்தால் மட்டும், சூடோ உரிமை யாருக்கு என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பில் உன் பெயர் இல்லை என்று துரத்தும்.

சரி, பழுதுபார்க்கும் ரெகவரி மோடுக்குப் போகலாம் என்றால்? உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் அந்த மெனுவில் ‘ரூட்’டை (முழு அதிகாரம் உள்ள கணக்கு) தேர்ந்தெடுத்தால், கட்டளை அடிக்கும் ஷெல் கிடைத்துவிடும். டெபியன் என்ற இன்னொரு வகையின் சில பதிப்புகளில், நிறுவும்போது ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விட்டவர்களுக்கு “ரூட் கணக்கு பூட்டப்பட்டுள்ளது” என்று கதவைச் சாத்துகிறது. மீட்பதற்கென்றே இருக்கிற இடத்தில், மீட்க வந்தவனுக்கே பூட்டு!

இந்த இடத்தில்தான் “பேசாமல் ரீஇன்ஸ்டால் பண்ணிடுங்க” என்று ஒருத்தர் வருவார். தயவுசெய்து அந்த வேலையே வேண்டாம். பத்து நிமிஷத்தில் முடிகிற காரியம் இது.

மெஷின் எழும்போது எதை ஓட்டுவது என்று கேட்கும் க்ரப் மெனுவைக் கொண்டுவாருங்கள். அது வராவிட்டால், மெஷின் எழும்போது பழைய பயாஸில் ஷிஃப்டைப் பிடியுங்கள், புதிய மெஷின்களின் யூஇஎஃப்ஐயில் எஸ்கேப்பைத் தட்டுங்கள். முதல் வரியில் நின்று ‘இ’ அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியில் ‘ஆர்ஓ’வை (ro, படிக்க மட்டும்) ‘ஆர்டபிள்யூ’ (rw, எழுதவும்) ஆக்குங்கள். வரிக் கடைசியில் ‘இனிட்=/பின்/பாஷ்’ (init=/bin/bash) சேர்த்து, கண்ட்ரோல்-எக்ஸ். இந்த மாற்றம் ஒரு தடவைக்கு மட்டும்தான், பயம் வேண்டாம். ஆர்டபிள்யூ போட மறந்தால் வட்டு எழுத முடியாத நிலையிலேயே இருக்கும், யூசர்மாட் “பூட்ட முடியவில்லை, பிறகு முயலவும்” என்று உளறும். பிறகு முயன்றாலும் அதேதான் வரும். ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /’ (mount -o remount,rw /) அடித்தால் சரியாகும்.

அவசரப்பட்டு உடனே யூசர்மாட் அடித்துவிடாதீர்கள். முதலில் /எட்சி/குரூப்- (/etc/group-) என்ற கோப்பைப் பாருங்கள், கடைசியில் ஒரு கோடு இருக்கும். அது கடைசி மாற்றத்துக்கு முந்தைய நகல். அதில் உங்கள் பெயர் எங்கெங்கே இருந்தது, ஆடியோ, வீடியோ, பிளக்டெவ் (செருகி எடுக்கும் சாதனங்களுக்கு), எல்பிஅட்மின் (பிரிண்டர் நிர்வாகத்துக்கு) எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த யூசர்மாட் அந்த நகலையும் அழித்து எழுதிவிடும். இதை எந்த வழிகாட்டியாவது சொல்கிறதா? சூடோவை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிரிண்டர் ஏன் அடம்பிடிக்கிறது என்று ஜனங்கள் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

குறித்தாயிற்றா? யூசர்மாட் -ஏஜி, பின் காற்புள்ளி போட்டு எல்லாக் குழுக்களும், கடைசியில் உங்கள் பயனர்பெயர். பிறகு ‘சிங்க்’ (sync), ‘ரீபூட் -எஃப்’ (reboot -f). ‘எக்ஸிட்’ அடிக்காதீர்கள், கெர்னல் பேனிக் ஆகும், அதாவது சிஸ்டமே நின்றுவிடும்.

எழுதிக் கொடுக்கிறவர்களே, ஏ போட மறந்துபோகும் என்றால் டெபியன், உபுண்டுவில் ‘அட்யூசர்’ (adduser), பயனர்பெயர், குழுவின் பெயர் என்று எழுதுங்கள். அது சேர்க்க மட்டும்தான் செய்யும், யாரையும் எதிலிருந்தும் தூக்காது.