'மனிதக் காலடி படாத காடு' என்று இனி எழுத மாட்டேன்

சென்ற வாரம் அமேசான் மழைக்காட்டைப் பற்றிய ஒரு கட்டுரையைப் படிக்கத் தொடங்கி, முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். 'மனிதக் காலடி படாத கன்னி வனம்' என்று இருந்தது. எழுதியவர் நல்ல மனத்தோடுதான் எழுதியிருக்கிறார். காடு எரிவதைக் கண்டு பதறியிருக்கிறார். நானும் பல ஆண்டுகள் இதே சொற்களை எழுதியவன்தான். இனி எழுத மாட்டேன். அந்தச் சொற்கள் பொய், அந்தப் பொய்யால் மனிதர்கள் வீடிழந்திருக்கிறார்கள்.

1542-இல் ஒரேயானா என்ற ஸ்பானியத் தளபதியின் படகுகள் அமேசான் ஆற்றோடு போய்க் கடலை அடைந்தன. கூடவே சென்ற கர்வஹால் என்ற பாதிரியார், கரை நெடுக ஊர்களையும் பெருந்திரளான மக்களையும் கண்டதாக எழுதிவைத்தார். பின்னால் போனவர்களுக்கு அப்படி எதுவும் தென்படவில்லை. பாதிரியார் கதை அளந்திருக்கிறார் என்று நெடுங்காலம் பேசினார்கள். இடைப்பட்ட காலத்தில் பெரியம்மையும் தட்டம்மையும் அடிமை வேட்டையும் அந்த மக்களை வாரிக்கொண்டு போயிருந்தன. மண்ணாலும் மரத்தாலும் கட்டிய ஊர்களின்மேல் காடு படர்ந்துவிட்டது. சாவு விழுந்த வீட்டைப் பார்த்துவிட்டு, இங்கே யாருமே குடியிருந்ததில்லை என்று உலகம் எழுதிக்கொண்டது.

மண் மறக்கவில்லை. அமேசான் படுகையின் மேட்டு நிலத்தில் பெரும்பாலும் சத்தில்லாத மஞ்சள் மண்ணோ செம்மண்ணோதான் இருக்கும். ஓயாத மழை சத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆனால் அங்கங்கே கன்னங்கரேலென்று திட்டுத் திட்டாக வேறொரு மண் கிடக்கிறது. போர்த்துகீசிய மொழியில் அதற்கு 'டெர்ரா பிரேட்டா', அதாவது கறுப்பு மண், என்று பெயர். ஒரு பிடி அள்ளிப் பிரித்தால் கரித்துண்டும் மீன் முள்ளும் பானை ஓடும் கையில் தட்டுப்படும். சில இடங்களில் இரண்டு மீட்டர் ஆழம்வரை இந்த மண்தான். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களின் அடுப்புச் சாம்பலும் சமையல் கழிவும் சேர்ந்து உண்டான மண் அது. ஊர் அழிந்து பல நூறு ஆண்டுகள் ஆகியும் அதன் சத்து போகவில்லை. ஷிங்கு ஆற்றுப் பகுதியில் வாழும் குய்குரோ மக்கள் இன்றைக்கும் சாம்பலையும் மரவள்ளிக் கழிவையும் நிலத்தில் பரப்பி இப்படிப்பட்ட மண்ணை உண்டாக்குகிறார்கள்.

மரத்துக்கும் இதே கதைதான். 'பிரேசில் நட்' என்று கடையில் விற்கிறார்களே, அந்த மரம் ஐம்பது மீட்டர்வரை வளரும். அதன் காய் தேங்காய்போல் கெட்டியானது, இரண்டு கிலோகூட இருக்கும். உள்ளே ஆரஞ்சுச் சுளைகளைப்போல் பத்து முதல் இருபத்தைந்து கொட்டைகள் அடுக்கியிருக்கும். அகூட்டி என்ற சிறு விலங்கு தன் உளிப்பல்லால் ஓட்டைக் கொறித்துத் திறந்து, தின்றது போக மீதியைப் பஞ்ச காலத்துக்காக மண்ணில் புதைத்து வைக்கிறது. புதைத்த இடத்தை மறந்துபோனால் அங்கே ஒரு கன்று முளைக்கிறது. முளைத்தால் மட்டும் போதாது, மேலே வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சத்தைக் கொடுத்தவர்களில் மனிதர்களும் உண்டு. அவர்கள் வெட்டித் திருத்திப் பயிரிட்டு, பிறகு ஓய்வுக்கு விட்ட நிலங்களில் இந்த மரங்கள் தோப்புத் தோப்பாக எழுந்தன. பழைய ஊர்கள் இருந்த இடங்களை ஒட்டியே பல தோப்புகள் காணப்படுகின்றன. நாம் 'கன்னி வனம்' என்று வியந்து பார்ப்பதில் ஒரு பங்கு, பெயர் தெரியாத பாட்டன் பாட்டிகளின் கைவேலை.

சரி, ஒரு சொல் தவறினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். உகாண்டாவின் புவிண்டி மழைக்காட்டைப் பாருங்கள். மலைக் கொரில்லாக்களைக் காப்பதற்காக 1991-இல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். கொரில்லாக்களைக் காக்கவேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வாழ்ந்த பட்வா மக்களை வெளியே தள்ளினார்கள். தேனும் மூலிகையும் எடுத்து வாழ்ந்தவர்கள், அடுத்தவர் நிலத்தின் ஓரத்தில் கூலிகளாக நின்றார்கள். காட்டை ஆளில்லாத இடமாக நினைத்துப் பழகிய மனத்துக்கு, அங்கே ஆள் இருந்தால் அது ஆக்கிரமிப்பாகத்தான் தெரியும்.

உண்மை நிலவரம் இதற்கு நேர்மாறு. பிரேசிலில் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 1990 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளில், பழங்குடி நிலங்கள் இழந்த இயற்கைத் தாவரப் பரப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு. தனியார் நிலங்கள் இழந்தது ஏறத்தாழ 20 விழுக்காடு. இந்தக் கணக்குக்குப் பிறகும் காட்டைக் காக்க அங்கிருப்பவர்களை வெளியேற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னால், என்னால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம் என்றதும் பலருக்கு மூலிகைதான் நினைவுக்கு வருகிறது. அப்படிக் கற்றதும் உண்டு. அம்பு முனையில் தடவிய க்யூராரே நஞ்சிலிருந்து எடுத்த மருந்து 1942-இல் மான்ட்ரியல் நகரில் அறுவை மேசைக்கு வந்து, தசைகளைத் தளர்த்த உதவியது. நஞ்சின் பக்குவத்தைக் கண்டவர்களின் நிலம் மட்டும் தொடர்ந்து பறிபோனது. பொருளை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவதைக் கற்றல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஈக்வடாரின் சராயாக்கு கிச்வா மக்கள் தங்கள் நிலத்தைக் 'காவ்சாக் சாச்சா' என்கிறார்கள். உயிருள்ள காடு என்று பொருள். மரமும் அருவியும் சதுப்பும் அவர்களுக்கு உறவுடைய உயிர்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். புன்னை மரத்தைத் தமக்கை என்று சொல்லி, அதன் நிழலில் காதலனோடு பேசக் கூசிய பெண்ணைப் பாடிய மொழி நம்முடையது. நமக்குமா இது விளங்காது?

அதற்காக அவர்களைத் தெய்வமாக்கிவிடவும் வேண்டாம். பழங்குடிகளிலும் மரம் விற்றவர்கள் உண்டு, சுரங்கக்காரர்களுக்கு வழிவிட்டவர்களும் உண்டு. பசியும் கடனும் அவர்களுக்கும் வரும். ஒரு குடும்பம் தன் வீட்டில் வாழ, அது புனிதமான குடும்பமாக இருக்கவேண்டும் என்று நாம் கேட்பதில்லை. நில உரிமையும் நற்சான்றிதழ் பார்த்துக் கொடுக்கும் பரிசாக இருக்க முடியாது.

என்னை மிகவும் அசைத்தது ஒரு வரைபடம். ஈக்வடாரின் பாஸ்தாசா மாநிலத்தில் வவோரானி மக்களின் நிலத்தை அரசு எண்ணெய் எடுக்க ஏலம் விட முனைந்தது. அரசின் வரைபடத்தில் அது எண்ணிட்ட ஒரு கட்டம், 22-ஆம் தொகுதி. வவோரானி மக்கள் ஊர் ஊராக நடந்து தங்கள் வரைபடத்தைத் தாங்களே வரைந்தார்கள். வேட்டைத் தடம், மீன் முட்டையிடும் இடம், மருந்துச் செடி, மூதாதையர் புதைந்த இடம் என்று அது குறிகளால் நிரம்பி வழிகிறது. நெமோந்தே நென்கிமோ என்ற பெண் தலைமையில் வழக்குத் தொடுத்தார்கள். அரசு 2012-இல் நடத்திய கலந்தாய்வு முறையற்றது என்று 2019 ஏப்ரலில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் ஏக்கர் காடு அன்று ஏலத்திலிருந்து தப்பியது.

கட்டுரையை எழுதியவருக்கு அந்த வரைபடத்தைத்தான் அனுப்பியிருக்கிறேன். முதல் வரியை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.