போட்டோகிராபர் வேற, வாட்ச்மேன் வேற

நேத்து ராத்திரி எங்க ஃபேமிலி குரூப்ல அத்தை மறுபடியும் அந்த ஃபார்வேர்டை போட்டுட்டாங்க. ராத்திரி 12.30ல இருந்து 3.30 வரைக்கும் காஸ்மிக் கதிர் பூமிக்கு ரொம்ப பக்கத்துல போகுதாம், போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணி தள்ளி வைக்கணுமாம், நாசா சொல்லிடுச்சாம். வருஷம் தவறாம வர்ற மெசேஜ் இது, எழுதுன புண்ணியவான் தேதி போடாம "இன்று இரவு"ன்னு விட்டுட்டதால அதுக்கு சாவே கிடையாது. கீழ வரிசையா கும்பிடு எமோஜி, சித்தப்பா மட்டும் "அப்ப காலைல அலாரம்?"னு கேட்டிருந்தார்.

வழக்கமா "அத்தை, இது டூப்பு"ன்னு ஒரு வரி போட்டுட்டு போயிடுவேன். நேத்து தூக்கம் வேற வரல, விளக்கமா எழுதலாம்னு உக்காந்தா அது குரூப் தாங்காத நீளத்துக்கு போயிடுச்சு, அதான் இங்க.

காஸ்மிக் கதிர் மூணு மணி நேரம் மட்டும் எட்டிப் பாத்துட்டு போற விருந்தாளி இல்லீங்க, இந்த நிமிஷமும் வந்துட்டே தான் இருக்கு. பெரும்பாலும் புரோட்டான், கிட்டத்தட்ட ஒளி வேகத்துல வரும், நம்ம காத்து மண்டலம் அதை மேலேயே உடைச்சு போட்டுடும். நிலாவுக்கு காத்தும் இல்ல, சொல்லிக்கிற மாதிரி காந்தப்புலமும் இல்ல, அதனால நேரா மண்ணுல வந்து முட்டும், முட்டுற இடத்துல இருந்து காமா கதிர், அதாவது எக்ஸ்ரேயை விட ஆற்றல் ஜாஸ்தியான ஒளி, கிளம்பும். இப்ப காமா கதிரை பாக்கற கண்ணு உங்களுக்கு இருந்தா என்ன தெரியும்? நிலா எப்பவும் பௌர்ணமி தான். வளர்பிறை தேய்பிறை எதுவும் கிடையாது, அமாவாசையே கிடையாது. ஏன்னா அது சூரியன் கிட்ட கடன் வாங்குன வெளிச்சம் இல்ல. 31 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (ஒளியோட ஆற்றலை அளக்கற அலகு) மேல, அதாவது நம்ம கண்ணுக்கு தெரியற வெளிச்சத்தை விட ஃபோட்டானுக்கு, ஒளித் துகள் ஒன்னுக்கு, ஒரு கோடி மடங்கு ஆற்றல்ல பாத்தா, சூரியன் வெடிக்காம சும்மா இருக்கற நாள்ல நிலா சூரியனை விட பிரகாசம். விண்வெளில சுத்துற நாசாவோட ஃபெர்மி காமா டெலஸ்கோப் பத்து வருஷம் சேத்து வச்ச டேட்டாவுல இருந்து 2019ல இந்த படத்தை வெளியிட்டாங்க.

படத்தை ஃப்ரெண்ட் ஒருத்தன் கிட்ட ஆசையா காட்டுனேன். "என்னடா இது, தோசைக்கல்லுல ஒட்டிக்கிட்ட ஆஃப்பாயில் மாதிரி"ன்னுட்டான்.

அவனை குத்தம் சொல்ல முடியாது, காமா படம்னாலே கலங்கல் தான். சாதா வெளிச்சம் கண்ணாடியில பட்டு திரும்பும், எக்ஸ்ரேயை கூட ரொம்ப சாய்வா விட்டு ஏமாத்தி திருப்பிடலாம், காமா அதுக்கெல்லாம் மசியாது, உள்ள புகுந்து போயிட்டே இருக்கும். அதனால ஃபெர்மியோட முக்கிய கருவி, லாட்னு கூப்பிடுவாங்க, பேருக்கு தான் டெலஸ்கோப், லென்ஸும் இல்ல கண்ணாடியும் இல்ல. மெல்லிசா டங்ஸ்டன் தகடு, அது கூட சிலிக்கான் பட்டை, மறுபடி தகடு, மறுபடி பட்டைன்னு அடுக்கி வச்ச கோபுரம், நாலுக்கு நாலா மொத்தம் 16. காமா ஃபோட்டான் ஒன்னு தகட்டுல மாட்டுனா அது ஒரு எலக்ட்ரானும், அதுக்கு எதிர் மின்சுமை உள்ள ஜோடியான ஒரு பாசிட்ரானுமா மாறிடும், அந்த ரெண்டும் சிலிக்கான் அடுக்குல காலடித் தடம் பதிச்சுட்டே கீழ எறங்கி சீசியம் அயோடைடு கட்டிகள்ல போய் முட்டும், முட்டுறப்ப ஆற்றல் எவ்ளோன்னு அளந்துக்குவாங்க. தடத்தை பின்னாடியே பிடிச்சுட்டு போனா எந்த திசைல இருந்து வந்துச்சுன்னு தெரியும். போட்டோ பிடிக்கற வேலையே இல்ல இது, போலீஸ் தடயம் பாக்கற வேலை. குறைஞ்ச ஆற்றல்ல அந்த திசை சில டிகிரி வரைக்கும் தப்பும், நிலாவோட அகலமே வானத்துல அரை டிகிரி தான்னு வச்சுக்கங்க, ஆஃப்பாயில் ஏன் ஆச்சுன்னு புரியும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது வெளில போத்தியிருக்கற பிளாஸ்டிக் போர்வை. காமா வந்தா அந்த பிளாஸ்டிக் கண்டுக்காது, காஸ்மிக் கதிர் மாதிரி மின்சுமை உள்ளது எதாவது புகுந்தா பளிச்னு மின்னும், உடனே "இது நம்ம ஆள் இல்ல"ன்னு அந்த பதிவை தூக்கிப் போட்டுடலாம். இதுக்கு முன்னாடி 1991ல போன காம்ப்டன் டெலஸ்கோப்ல எக்ரெட்னு ஒரு கருவி, அதுல போர்வை ஒரே துண்டு. ஆற்றல் ஜாஸ்தியான காமா உள்ள வந்து மோதுறப்ப சிதறல் தெறிச்சு மேல போய் அதே போர்வையில பட்டு, நல்ல காமாவையே வெளியாள்னு நினைச்சு தள்ளி விட்டுச்சு. வீட்டுக்காரனை பாத்தே குரைக்கற நாய் மாதிரி. ஃபெர்மியில அதை 89 துண்டா வெட்டிட்டாங்க, எந்த துண்டு மின்னுச்சு, அது வந்த வழியில இருக்கா இல்லையான்னு பாத்து முடிவெடுக்கும். இவ்ளோ வேலையும் பாக்கற லாட்டுக்கு செலவாகற கரண்ட் 650 வாட். எங்க வீட்டு மிக்ஸி 750.

இவ்ளோ பண்ணியும் கிடைக்கறது சொற்பம். வானத்துல நிலையா எரியறதுல காமா பிரகாசத்துக்கு பேர் போனது வேலா பல்சர், செகண்டுக்கு 11 தடவை சுத்துற செத்துப்போன நட்சத்திரம். அது கிட்ட இருந்தே ஃபெர்மிக்கு சிக்கறது ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஃபோட்டான். ஆயிரம் சுத்துக்கு ஒன்னு. அதை வருஷக்கணக்கா உண்டியல்ல சேக்கற மாதிரி சேத்து தான் படம் வரையறாங்க.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். ஹப்பிள் படத்தை வால்பேப்பரா வைக்கலாம், வெப் படத்தை ஃப்ரேம் போட்டு மாட்டலாம், எனக்கு அதுல எந்த சண்டையும் இல்ல. ஆனா அவங்க ரெண்டு பேரும் போட்டோகிராபர். முகூர்த்தம் எத்தனை மணிக்கு, எங்க நிக்கணும்னு முன்னாடியே சொல்லிடணும். ஃபெர்மி வாட்ச்மேன். ஒரு நேரத்துல வானத்துல அஞ்சுல ஒரு பங்கை பாக்கும், ஒரு சுத்துல வடக்க சாஞ்சு, அடுத்த சுத்துல தெக்க சாஞ்சு, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை மொத்த வானத்தையும் ரோந்து முடிச்சுடும், 2008ல மேல போய் வேலையை ஆரம்பிச்சதுல இருந்து பத்து வருஷம் இதே பொழப்பு. 2018ல ஒரு சோலார் பேனலை திருப்பற மெக்கானிசம் சிக்கிக்கிச்சு, ரோந்து போற விதத்தை மாத்திக்கிட்டாங்க, ரோந்தை நிறுத்தல. நாம யாரும் காவக்காரனை போட்டோ எடுத்து மாட்டறதில்ல. ஆனா இந்த துறையில பெருசா கிடைச்சது நிறைய, யாரும் எதிர்பாக்காத நேரத்துல சும்மா முழிச்சிட்டு இருந்தவனுக்கு தான் கிடைச்சிருக்கு.

ஆரம்பமே அப்படித்தான். 1963ல அணுகுண்டு சோதனை தடை ஒப்பந்தம் போட்ட கையோட, ரஷ்யாக்காரன் திருட்டுத்தனமா விண்வெளில குண்டு வெடிக்கறானான்னு பாக்க அமெரிக்கா ஜோடி ஜோடியா சேட்டிலைட் விட்டுச்சு. பேரு வேலா. நம்ம வேலைவெட்டி வேலை இல்ல, ஸ்பானிஷ்ல கண்முழிச்சு காவல் இருக்கறதுன்னு அர்த்தம் (மேல சொன்ன பல்சருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அது கப்பல் பாய்ங்கற நட்சத்திரக் கூட்டத்தோட பேரு). 1967 ஜூலை 2, ஒரு காமா மின்னல் பதிவாச்சு. குண்டு வெடிச்சா வர்ற மாதிரி இல்ல. ஃபைல்ல போட்டு வச்சாங்க. அப்பறம் விட்ட சேட்டிலைட்ல நேரத்தை துல்லியமா குறிக்க முடிஞ்சதும், எந்த சேட்டிலைட்டுக்கு முதல்ல வந்துச்சு, எதுக்கு அப்பறம் வந்துச்சுன்னு கணக்கு போட்டா, அது பூமியில இருந்தும் இல்ல சூரியன்ல இருந்தும் இல்ல. லாஸ் அலமாஸ்ங்கற அமெரிக்க அணு ஆய்வுக்கூடத்துல இருந்த கிளெபசாடெல், ஸ்ட்ராங், ஓல்சன் மூணு பேரும் 1973ல இந்த மாதிரி 16 காமா வெடிப்புகளை போட்டு கட்டுரை வெளியிட்டாங்க. யோசிச்சு பாருங்க, பக்கத்து வீட்டுக்காரன் மேல சந்தேகப்பட்டு சிசிடிவி மாட்டுனவனுக்கு ஊரே பாக்காத மிருகம் ஒன்னு அதுல சிக்குன கதை.

அப்பறம் இருபத்தி சொச்சம் வருஷம் அது பக்கத்துல வெடிக்குதா தூரத்துல வெடிக்குதான்னே தெரியல. காம்ப்டன் ஒன்பது வருஷத்துல 2704 வெடிப்பை எண்ணுச்சு, எல்லா திசையிலும் சமமா தெளிச்ச மாதிரி. காம்ப்டன்னு சொன்னதும் ஞாபகம் வருது, 17 டன் எடை, ஷட்டில்ல இருந்து இறக்குறப்ப அதோட ஆன்டெனா விரியாம சிக்கிக்கிச்சு, ஜெர்ரி ராஸ்னு ஒரு விண்வெளி வீரர் பிளான்லயே இல்லாம வெளில போய் கையால தள்ளி விட்டு சரி பண்ணார். மொட்டை மாடில ஏறி ஆன்டெனாவை தட்டி தூர்தர்ஷன் பாத்த தலைமுறைக்கு அந்த அருமை தெரியும். 1995ல வாஷிங்டன்ல பட்டிமன்றமே வச்சாங்க, தூரத்துலன்னு பச்சின்ஸ்கி, பக்கத்துலன்னு டொனால்ட் லாம்ப், நடுவர் மார்ட்டின் ரீஸ், மூணு பேரும் வானியல் விஞ்ஞானிங்க. தீர்ப்பு 1997ல பெப்போசாக்ஸ்ங்கற இத்தாலி சேட்டிலைட் புண்ணியத்துல வந்துச்சு. பச்சின்ஸ்கி ஜெயிச்சார், பல நூறு கோடி ஒளியாண்டு தூரம்.

இதோட இன்னொரு கூத்து. 2012 ஏப்ரல்ல ஃபெர்மி மேல காஸ்மோஸ் 1805னு செத்துப்போன சோவியத் உளவு சேட்டிலைட் ஒன்னு வந்து மோத பாத்துச்சு. ஆயுசு முடியறப்ப ஃபெர்மியை கடல்ல இறக்கறதுக்குன்னு வச்சிருந்த திரஸ்டர், அதுவரைக்கும் ஒரு தடவை கூட எரிச்சு பாக்காதது, அதை ஒரே ஒரு செகண்ட் எரிச்சு தப்பிச்சாங்க. பனிப்போர் உளவுல பிறந்த துறைக்கு பனிப்போர் உளவு குப்பையாலயே கண்டம்.

அத்தைக்கு சொல்ல வேண்டியது ஒன்னு இருக்கு. நிஜமாவே ஒரு நாள் வந்துச்சு. 2022 அக்டோபர் 9, ஞாயித்துக்கிழமை, நம்ம நேரத்துக்கு சாயந்திரம் 6.47. பதிவானதுலேயே பிரகாசமான காமா வெடிப்பு, பத்தாயிரம் வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மாதிரின்னு கணக்கு, 190 கோடி வருஷம் பயணம் பண்ணி வந்து மேல இருந்த கருவிகளையே திக்குமுக்காட வச்சுது, நம்ம தலைக்கு மேல இருக்கற அயனி மண்டலத்தை, அதாவது காத்து மண்டலத்தோட மின்சுமை உள்ள மேல் அடுக்கை, மணிக்கணக்கா கலக்கி விட்டுச்சு, இந்தியாவுல இருந்த மின்னல் டிடெக்டர்கள் கூட அலறுச்சு. அன்னைக்கு யாரும் போனை ஆஃப் பண்ணல. யாருக்கும் ஒன்னும் ஆகல. யூடியூப்ல "காமா கதிர் பூமியை சாம்பலாக்கும்"னு தம்ப்நெயில் போடறவங்க மேல எனக்கு இருக்கற கோவம் இது தான், நடந்ததே இவ்ளோ பெருசா இருக்கறப்ப நடக்காததை எதுக்கு விக்கணும்?

சரி, நம்ம ஊர் பங்கு. 2017 ஆகஸ்ட் 17, சாயந்திரம் 6.11. 13 கோடி ஒளியாண்டு தூரத்துல ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் (பல்சரும் இந்த வகை தான்) மோதி, அதுல கிளம்புன ஈர்ப்பு அலை, அதாவது வெளியையே அசைச்சுட்டு வர்ற அலை, பூமிக்கு வந்து 1.7 செகண்ட் கழிச்சு ஃபெர்மியோட இன்னொரு கருவியில ஒரு சின்ன காமா துடிப்பு. யாரும் சொல்லாமலே ஃபெர்மி தானா அலர்ட் அனுப்புச்சு, ஈர்ப்பு அலைக்காரங்க டேட்டாவுல சிக்னல் பிடிபட்டது அதுக்கு சில நிமிஷம் கழிச்சு தான். தங்கம் எங்க உருவாகுதுங்கற கேள்விக்கு, இந்த மாதிரி மோதல்லன்னு நேரடி பதில் கிடைச்ச நாள் அது, அக்ஷய திருதியைக்கு க்யூல நிக்கறவங்க தெரிஞ்சுக்கணும். இந்தியாவோட விண்வெளி டெலஸ்கோப் ஆஸ்ட்ரோசாட் 2015ல இருந்து மேல தான் இருக்கு, அதுல இருக்கற சிஇசட்டிஐ கருவி நூத்துக்கணக்கா காமா வெடிப்பை பிடிச்சிருக்கு. ஆனா அந்த 6.11க்கு அதுக்கும் அந்த மோதலுக்கும் நடுவுல பூமி நின்னுச்சு. பாக்க முடியல. காமா வெடிப்பை தேடற நாசாவோட இன்னொரு சேட்டிலைட் ஸ்விஃப்டுக்கும் அதே கதி.

தாழ்வா சுத்துற எந்த சேட்டிலைட்டுக்கும் வானத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கை பூமியே மறைக்கும், அதுக்கு யாரும் ஒன்னும் பண்ண முடியாது, ரெண்டு சேட்டிலைட்டை எதிரெதிர் பக்கம் விட்டா தான் உண்டு. ஐஐடி பாம்பே தலைமையில முன்மொழிஞ்சிருக்கற தக்ஷா திட்டம் இதே தான். வாட்ச்மேன் ரெண்டு பேர், முன் கேட்டுல ஒருத்தர் பின் கேட்டுல ஒருத்தர். என்னை கேட்டா இஸ்ரோ அடுத்து காசு போட வேண்டியது இதுல தான், இன்னொரு கொடி நடறதுக்கு முன்னாடி.

2023ல சந்திரயான் இறங்குனப்ப நானும் டிவி முன்னாடி கண்ணு கலங்குனவன் தான். ஆனா அதுல கவுன்ட்டவுன் இருக்கு, இறங்கற நிமிஷம் இருக்கு, கைத்தட்டறதுக்கு ஒரு நேரம் இருக்கு. தக்ஷா மாதிரி ஒன்னுக்கு எப்ப கைத்தட்டுவீங்க? பட்ஜெட் மீட்டிங்ல "என்ன பாக்க போறீங்க"ன்னு கேட்டா "தெரியாது சார், எதாவது வரும்"னு தான் நேர்மையா சொல்ல முடியும். அந்த பதிலுக்கு எந்த ஆபீசர் கையெழுத்து போடுவார், அங்க தான் சிக்கலே. சோத்துக்கு ஆகுமான்னு கேக்கறவங்களுக்கு என் கிட்ட பதில் இல்ல, ஆகாது, நிலாவுல இறங்குனதும் சோத்துக்கு ஆகல.

2025 வாக்குல ஸ்விஃப்ட் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கிட்டு இருந்துச்சு, சூரியன் உக்கிரமா இருந்ததுல மேல் காத்து மண்டலம் ஊதி இழுத்துச்சு. ரோபோ ஒன்னை அனுப்பி அதை பிடிச்சு மேல தூக்கி விட நாசா அந்த வருஷமே ஒரு கம்பெனிக்கு காண்ட்ராக்ட் குடுத்துச்சு. பிடிச்சு தூக்கறதுக்குன்னு கைப்பிடி எதுவும் வச்சு செஞ்ச சேட்டிலைட் இல்ல அது. 2004ல விட்ட கிழட்டு வாட்ச்மேனுக்கு இவ்ளோ மெனக்கெடறாங்கன்னா காரணம் இல்லாமலா.

இதை எழுதி முடிக்க ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு, சராசரி கணக்குக்கு வேலா பல்சர்ல இருந்து ஒரு அறுபது ஃபோட்டான் வந்து சேந்திருக்கும். நடுவுல அத்தைக்கு தனியா அந்த நிலா படத்தை அனுப்பி, "அத்தை, இந்த நிலாவுக்கு அமாவாசையே கிடையாது"ன்னு போட்டிருந்தேன். இன்னும் ஒரே டிக் தான் காட்டுது, போனை நிஜமாவே ஆஃப் பண்ணிட்டாங்க.