கண்ணாடி இறங்கி ஏறாவிட்டால் மோட்டார் போய்விட்டதா?

காரில் பவர் ஷட்டர் கண்ணாடி (சுவிட்சால் ஏற்றி இறக்கும் கதவுக் கண்ணாடி) இறங்கும், ஆனால் ஏறாது என்றால் மோட்டார் எரிந்துவிட்டது, புதிது போட வேண்டும் என்று இங்கே சிலர் பகிர்ந்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் சரியில்லை அண்ணா.

சாதாரண ஷட்டர் மோட்டாருக்கு இரண்டே வயர். பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் அதே மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அந்த மாற்றத்தைச் செய்வது சுவிட்ச். எரிந்த மோட்டார் கீழேயும் இறக்காது.

நீங்களே பார்க்கலாம். கதவு அட்டையைக் கழற்றி, மோட்டார் சொக்கெட்டைப் பிரித்து, சாவியை ஓன் பண்ணி, வயர் பக்கத்து இரண்டு முனையிலும் வோல்ற் அளக்கும் மீற்றரை வையுங்கள். சுவிட்சை இறக்கும் பக்கம் அழுத்தும்போது 12 வோல்ற் அளவு காட்டும். ஏற்றும் பக்கம் அழுத்தும்போதும் அதே அளவு, ஆனால் பிளஸ், மைனஸ் குறி மாறி வரவேண்டும். வராவிட்டால் பிழை சுவிட்சில், அல்லது கதவு மடியும் இடத்து ரப்பர் குழாய்க்குள் அறுந்த வயரில். வந்தும் ஏறாவிட்டால்தான் மோட்டாரையோ இறுகிய கண்ணாடி ரப்பரையோ சந்தேகிக்கலாம். பாரத்தைத் தூக்க வேண்டியிருப்பதால், களைத்த மோட்டார் ஏற்றும்போது முனகும். சத்தமே இல்லையென்றால் முதலில் சுவிட்ச்தான்.

மட்டக்களப்பு கல்லடிக் கடற்காற்றில் நின்ற என் காரின் சுவிட்சைத் திறந்தபோது உள்ளே செப்புத் தகடு பச்சை பிடித்திருந்தது. மண்தாளால் மெல்லத் தேய்த்தேன், கண்ணாடி ஏறியது. கராஜில் மோட்டார் விலை கேட்டு வந்த பிறகு!

ஒரு தொடுதலில் தானாக ஏறும் கண்ணாடி என்றால் மோட்டாருடன் கட்டுப்பாட்டுப் பெட்டி சேர்ந்திருக்கலாம், வயரும் இரண்டுக்கு மேல் இருக்கலாம். அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது, மோட்டாருக்கு நேரே பற்றரி கொடுக்கவும் வேண்டாம்.